பின்தங்குதல், பிந்துதல், சுணங்குதல்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளை கணக்கில் பின்தங்கி நிற்கிறது என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதியிருக்கிறது. கடன் தவணை பிந்திவிட்டது என்று கடிதம் வருகிறது. வன்னி ஒரு பின்தங்கிய பிரதேசம் என்று செய்தியில் சொல்கிறார்கள். இந்த மூன்றையும் ஒரே பொருளில் எடுத்துக்கொண்டு மனம் நோகிறவர்கள் இங்கே நிறையப் பேர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னாரின் பெருநிலப்பகுதி ஆகிய இடங்களில் இந்தச் சொற்களைப் பற்றி எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே உள்ளன.

பின்தங்குதல் என்றால் சரியாக என்ன?

பின் + தங்கு. மற்றவர்கள் முன்னே போய்விட, ஒருவர் பின்னால் தங்கிவிடுவது. அதனால் இந்தச் சொல்லுக்கு எப்போதும் ஒரு கூட்டம் வேண்டும். தனியாக நடக்கிற ஒருவர் மெதுவாக நடக்கலாம், களைத்து நிற்கலாம், ஆனால் பின்தங்க முடியாது. யாரோ முன்னால் போனால்தான் பின்தங்கல்.

இதிலிருந்து எழுதுகிறவருக்கு ஒரு கடமை வருகிறது. பின்தங்கியது என்று எழுதினால் எதில், யாரைவிட, எப்போதிருந்து என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். "பிள்ளை பின்தங்கிவிட்டது" என்பது பாதி வசனம்தான். "கழித்தல் கணக்கில் வகுப்பைவிட ஒரு தவணை பின்தங்கி நிற்கிறது" என்பது முழு வசனம். முதலாவதை வாசித்த தாய் அழுவார். இரண்டாவதை வாசித்த தாய் கொப்பியைத் திறந்து பார்ப்பார்.

பிந்துதலும் அதுதானே?

இல்லை. பிந்துதல் நேரத்தைப் பற்றியது. அதன் எதிர்ச்சொல் முந்துதல். "பஸ் பிந்திட்டுது" என்கிறோம், பஸ் பின்தங்கிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மழை பிந்தும், சம்பளம் பிந்தும், கலியாணம் பிந்தும். இவை எதுவும் பின்தங்குவதில்லை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இப்படிச் சொல்லிக்கொடுப்பேன்: பிந்தியவர் வந்து சேர்ந்துவிட்டார், பின்தங்கியவர் இன்னும் வழியில் இருக்கிறார். பிந்தியதில் ஒரு முடிவு இருக்கிறது. பின்தங்கியதில் தூரம் மிச்சமிருக்கிறது.

பிந்துவதில் இழிவு எதுவும் இல்லை என்பதற்குப் பழமொழிகளே சாட்சி. "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பதை எல்லாரும் கேட்டிருப்போம். "முந்தி வந்த காதைப் பிந்தி வந்த கொம்பு மறைத்தது" என்று இன்னொன்று. பிந்தி முளைத்தது உயர்ந்து நிற்கும் என்பதை மாட்டைப் பார்த்தே கண்டுகொண்டவர்கள் நம் ஆட்கள்.

சுணங்குதல் எங்கே பொருந்தும்?

வீட்டில், ஒழுங்கையில், கடையில், ஆஸ்பத்திரியில். அதாவது பேச்சில். "ஏனக்கா இவ்வளவு சுணங்கினனீங்கள்?" "கிளினிக்குக்குப் போனனான் தங்கச்சி, மருந்து எடுக்கச் சுணங்கிப் போச்சு." நடுவில் ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்ததால் நேரம் போனது என்பதுதான் சுணங்குதலின் உள்ளே இருக்கும் எண்ணம்.

"சுணங்கிப் போச்சு" என்பதில் ஆள் இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் சுணக்கினேன் என்று சொல்லவில்லை, மருந்து கொடுப்பவர் சுணக்கினார் என்றும் சொல்லவில்லை. அது தானாகப் போனது. யாரையும் குற்றம் சொல்லாமல் தாமதத்தைச் சொல்ல நம் பேச்சில் இருக்கிற அழகான வழி இது. யாரோ வேண்டுமென்றே இழுத்தடித்தால் மட்டும் "சுணக்கிறாங்கள்" என்று ஆளைக் கொண்டுவருவோம். இந்த ஒரு எழுத்து வேறுபாட்டில் பொறுப்பு முழுவதும் கைமாறிவிடுகிறது.

சங்கப் பாடல்களில் வரும் சுணங்கு வேறு. அது பெண்களின் மேனியில் தோன்றும் தேமல். இரண்டையும் போட்டுக் குழப்பத் தேவையில்லை.

பக்கத்தில் வைக்க வேண்டிய இன்னொரு சொல் மினக்கெடுதல். வினைகெடுதல் என்பதன் பேச்சு வடிவம். "அங்க கதைச்சு மினக்கெட்டுப் போனன்" என்றால் நேரமும் வேலையும் சேர்ந்து போய்விட்டது என்று பொருள். ஒரு காரியத்துக்காக "மினக்கெட்டு வந்தவர்" என்றால் அது நன்றியோடு சொல்கிற சொல்.

பிந்தாமல் வா என்பதை எப்படிச் சொல்வது?

வேளைக்கு வா, வெள்ளன வா, கெதியா வா. "வேளைக்கு" என்றால் இங்கே குறித்த நேரத்துக்கு முன்பாக என்றே பொருள். தமிழ்நாட்டு நண்பர்கள் இதை உரிய நேரத்துக்கு என்று எடுத்துக்கொள்வதுண்டு. "ஆறுதலா வா" என்று சொன்னால் அவசரமில்லை, சுணங்கினாலும் பரவாயில்லை.

வயலில் பிந்திய விதைப்பு என்று சொல்கிறார்களே, அது எவ்வளவு பெரிய பிரச்சினை?

பெரிய பிரச்சினைதான். வன்னியில் காலபோகம் வடகீழ்ப் பருவமழையை நம்பியது. மானாவாரிக் காணிகளில் புரட்டாதி, ஐப்பசியில் விதைத்து, தையிலும் மாசியிலும் அறுப்பார்கள். முதல் மழைக்கு முன்பே காய்ந்த நிலத்தை உழுது விதைப்பது புழுதி விதைப்பு. அதைத் தவறவிட்டவர் சேற்று விதைப்புக்குத்தான் போக வேண்டும், உழவு இயந்திரத்துக்குக் காத்திருக்க வேண்டும், விதைநெல்லுக்கு அலைய வேண்டும். ஒன்றில் பிந்தினால் எல்லாம் பிந்தும்.

பிந்தி விதைத்த பயிர் கார்த்திகைப் பெருமழை வரும்போது இன்னும் சின்னதாக நிற்கும். தண்ணீர் மூடினால் அழுகும். தப்பினாலும், கடைசிக் கட்டத்தில் மழை விட்டுவிட்டால் மணி முற்றாமல் பதராகும். சுற்றிவர எல்லா வயலும் அறுத்து முடிந்த பிறகு தனியாகப் பச்சையாக நிற்கிற வயலுக்குத்தான் குருவியும் பூச்சியும் வந்து சேரும். அறுத்த வயல்களில் மாடுகளை அவிழ்த்து விட்டிருப்பார்கள், அவையும் வரும். அறுவடை மெசினும் அந்த ஊரை விட்டுப் போயிருக்கும். இந்த இடத்தில் மட்டும் பிந்திய வயல் உண்மையிலேயே பின்தங்கிய வயலாகிவிடுகிறது. கூட்டம் முன்னே போய்விட்டது, அது தங்கிவிட்டது.

ஆனால் விவசாயியிடம் இதற்கு ஒரு பதில் இருக்கிறது: குறுகிய கால நெல். பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பிஜி இனங்கள் பெரும்பாலானவற்றில், மூன்று இலக்க எண்ணின் முதல் இலக்கம் எத்தனை முழு மாதம் என்பதைச் சொல்லும். பிஜி 250 இரண்டரை மாத நெல், பிஜி 300 மூன்று மாத நெல், பிஜி 352 மூன்றரை மாத நெல். நான்கில் தொடங்கினால் நான்கு மாதத்துக்குக் குறையாது. விதைப்புப் பிந்தியவர் வயது குறைந்த இனத்தைத் தேர்ந்தால் அயல் வயல்களோடு சேர்ந்தே அறுக்கலாம். விளைச்சல் கொஞ்சம் குறையலாம், ஆனால் தனித்து நிற்க வேண்டியதில்லை. குளத்துக்குக் கீழே கோடையில் செய்யும் சிறுபோகத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இரணைமடு போன்ற குளங்களில் பயிர்ச்செய்கைக் கூட்டம் வைத்து, நீர் மட்டத்தைப் பார்த்து, எத்தனை ஏக்கர், எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது என்று தீர்மானிப்பார்கள். அந்தத் திகதிக்குப் பிந்தினால் கடைசித் தண்ணீர் கிடைக்காது.

கடன் தவணை பிந்தினால் "நிலுவை" என்கிறார்கள். "தவணை" என்றால் பள்ளிக்கூடத் தவணை இல்லையா?

இரண்டும்தான். பள்ளிக்கூடத்தில் ஆண்டுக்கு மூன்று தவணை. கடனில் மாதத் தவணை, கிழமைத் தவணை. வகுத்துக் குறித்த காலம் என்பது இரண்டுக்கும் பொது. நிலுவை என்பது கட்டாமல் நின்றுபோன தொகை, நில் என்ற வினையிலிருந்து வந்தது. நிலுவை பணத்தின் நிலை, ஆளின் குணம் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

போர் முடிந்த பிறகு வன்னிக்குள் நுண்கடன்கள் வேகமாக வந்தன. பெரும்பாலும் பெண்களுக்கு, குழுவாகச் சேர்த்து, கிழமைக்குக் கிழமை வசூல். ஒருவர் பிந்தினால் குழுவில் உள்ள மற்றவர்களும் இருந்து கட்ட வேண்டும். வசூலுக்கு வந்தவர்கள் வீட்டு வாசலில் நின்று "நீங்கள் பின்தங்கிட்டீங்கள்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்ன கதைகள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. அந்த வசனம் தவறு. அந்தப் பெண் பின்தங்கவில்லை, தவணைப் பணம் பிந்தியது. வறட்சியில் வயல் போனதால் பிந்தியது, கோழி செத்ததால் பிந்தியது. 2018இல் அரசு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களில், மூன்று மாதத்துக்கு மேல் தவணை பிந்தியவற்றைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. பிந்தியதற்கு வறட்சிதான் காரணம் என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் அதை வாசிக்கிறேன். "கட்டத் தவறியவர்" என்று எழுதுவதைவிட "தவணை பிந்தியவர்" என்று எழுதுவது நேர்மையானது.

வகுப்பில் "பின்தங்கிய மாணவர்" என்று சொல்வது சரியா?

மூன்று சொற்களைப் பிரித்துப் பாருங்கள். மெல்லக் கற்கும் மாணவர் என்பது வேகத்தைச் சொல்கிறது. பின்தங்கிய மாணவர் என்பது இப்போது நிற்கிற இடத்தைச் சொல்கிறது. இடைவிலகிய மாணவர் என்பது பள்ளிக்கூடத்தை விட்டே போனவரைச் சொல்கிறது. பெற்றோர் கூட்டங்களில் இவை மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்குகின்றன. அங்கேதான் பிழை தொடங்குகிறது.

வேகமாகக் கற்கிற பிள்ளையும் பின்தங்கும். வன்னியில் அதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2008இலும் 2009இலும் ஒரே ஆண்டுக்குள் இடம் மாறி, மரத்துக்குக் கீழும் தறப்பாளுக்குக் கீழும் படித்து, பிறகு அதுவும் நின்றுபோன ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்தபடியே 2009 ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அந்தப் பிள்ளைகள் பாடத்தில் பின்தங்கினார்கள் என்றால், பாடம் அவர்களை விட்டுவிட்டுப் போனது என்று பொருள். அவர்கள் மெல்லக் கற்பவர்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. இன்று அவர்களில் பலர் பெற்றோர். தங்கள் பிள்ளையின் அறிக்கையில் அதே சொல்லைப் பார்க்கும்போது அவர்களுக்கு எங்கே வலிக்கும் என்பதை எழுதுகிற ஆசிரியர் நினைக்க வேண்டும்.

நல்ல ஆசிரியர்கள் பேச்சில் இதை இயல்பாகவே சரி செய்கிறார்கள். "அம்மா, தம்பி வாசிப்பில கொஞ்சம் பிந்தி நிக்கிறார், பின்னேரம் அரை மணித்தியாலம் விடுங்கோ, பிடிச்சிடுவார்." இதில் எதில் என்பது இருக்கிறது, எவ்வளவு என்பது இருக்கிறது, என்ன செய்வது என்பதும் இருக்கிறது. பிந்தி என்ற சொல் வந்து சேர்வதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. விட்ட பாடத்தைப் பிடிக்கச் செய்கிற வகுப்புக்குப் பரிகாரக் கற்பித்தல் என்று பெயர். அந்த வகுப்பில் இருப்பவர்களை "பின்தங்கினாக்கள்" என்று வாசலில் நின்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

கல்வித் திணைக்களம் பாடசாலைகளை வகைப்படுத்தும்போது கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்ற சொற்களை வைத்திருக்கிறது. துணுக்காய், மடு, வவுனியா வடக்கு வலயங்களில் வேலை செய்தவர்களுக்கு இது பழகிய சொல். எனக்கு இந்தச் சொல் பிடிக்கும். கஷ்டம் இடத்தில் இருக்கிறது என்று அது சொல்கிறது. பஸ் இல்லாத பாதையும் யானை நிற்கிற காலையும் ஆசிரியர் தங்க வீடில்லாத ஊரும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகின்றன, பிள்ளை மட்டும் வெளியே நிற்கிறது.

பல்கலைக்கழக அனுமதியில் "பின்தங்கிய மாவட்டம்" என்பது என்ன?

பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட சனத்தொகை அடிப்படையில், மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் இந்தப் பட்டியலில் உண்டு. பட்டியல் வடக்கு கிழக்கோடு நிற்பதில்லை. மொனராகலை, அம்பாந்தோட்டை, நுவரெலியா எல்லாம் அதில் இருக்கின்றன.

இங்கே பின்தங்கியது மாவட்டத்தின் வசதி. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்து, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி எடுத்துப் போன பிள்ளையைப் பார்த்து "பின்தங்கிய மாவட்டத்தால போனவள்" என்று சொல்கிறவர்கள் சொல்லைத் தூக்கி ஆள் மேல் போடுகிறார்கள். மாவட்டத்துக்கு ஆய்வுகூடமும் ஆசிரியரும் கொடுத்தால் அந்தச் சொல் தானாகப் போய்விடும்.

வன்னியைப் பின்தங்கிய பிரதேசம் என்று எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. பின்தங்கு என்பது தன்வினை. வாக்கியத்தில் எழுவாய் யாரோ அவரே தங்கியதாகத்தான் அது சொல்லும். "வன்னி பின்தங்கியது" என்றால் வன்னி தானாகவே தங்கிவிட்டது போல ஒலிக்கும். நடந்தது அதுவல்ல. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தது. எரிபொருள், சீமெந்து, உரம், பற்றரி எல்லாம் தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ளாகின. பிள்ளைகள் விளக்கில் படித்தார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை மூடித் திறந்து மறுபடியும் மூடப்பட்டது. 1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. அந்த 23 ஆண்டுகளில் ரயில் பின்தங்கியது என்று யாரும் எழுதவில்லை. பாதை இல்லாமல் போனது என்றுதான் எழுதினார்கள். ஊருக்கும் அதே மரியாதையைக் கொடுக்கலாம்.

பின்தங்க வைத்தது, பின்தள்ளியது என்று எழுதினால் செய்தவர் யார், காரணம் எது என்ற கேள்வி வாசிப்பவர் மனதில் எழும். "போரும் தடையும் வன்னியின் பாடசாலைகளைப் பல ஆண்டுகள் பின்தள்ளின" என்பது உண்மையான வசனம். "வன்னி மக்கள் பின்தங்கியவர்கள்" என்பது உண்மையில்லாத வசனம்.

பிந்தியது என்ற பொருள் தாழ்ந்தது என்று சறுக்கிப் போவது தமிழுக்குப் புதிதல்ல. முடிவு செய்த காரியம் "தாழ்ச்சியுள் தங்குதல் தீது" என்கிறது குறள் (671). அங்கே தாழ்ச்சி என்றால் தாமதம். இன்றைக்கும் "காலம் தாழ்த்தாமல் விண்ணப்பிக்கவும்" என்று அறிவித்தலில் போடுகிறோம். அதே தாழ் என்ற வேரிலிருந்துதான் ஆளைக் கீழே வைக்கும் சொற்களும் வந்தன. பின்தங்கிய என்ற சொல்லுக்கும் அந்தச் சறுக்கல் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. எழுதுகிறவர்கள் கவனமாக இருந்தால் அதைத் தடுக்கலாம் என்று நம்புகிறேன்.

தமிழ்நாட்டில் "பிற்படுத்தப்பட்டோர்" என்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

அங்கே அது இடஒதுக்கீட்டுச் சட்டத்தின் சொல். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று சாதிப் பட்டியல்கள் உண்டு. இலங்கையில் அந்தப் பொருளில் அது புழங்குவதில்லை. ஆனால் சொல்லின் அமைப்பைப் பாருங்கள். பிற்பட்ட என்று விடாமல் பிற்படுத்தப்பட்ட என்கிறது. யாரோ அப்படிச் செய்தார்கள் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மேலே வன்னிக்குக் கேட்டதும் இதைத்தான்.

பின்னடைவு, பின்வாங்கல், பின்னிற்றல், பின்போடுதல்?

பின்னடைவு: முன்னே போனது திரும்பிக் கொஞ்சம் பின்னுக்கு வருவது. தற்காலிகமானது. பின்வாங்கல்: தானே முடிவெடுத்துத் திரும்புவது. பின்னிற்றல்: தயங்குவது. "உதவி கேட்கப் பின்னிற்காதேங்கோ" என்பது வழக்கமான பேச்சு. பின்போடுதல்: கூட்டத்தையோ பரீட்சையையோ வேறு திகதிக்கு மாற்றுவது.

சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா? ஒற்று மிகுமா?

பின்தங்கு என்று சேர்த்து எழுதுங்கள். "பின் தங்கினார்" என்று பிரித்தால் பிறகு ஓரிடத்தில் இரவு தங்கினார் என்று வாசிக்க இடமுண்டு. பழைய புணர்ச்சிப்படி பின்றங்கு என்று வர வேண்டும், இன்று யாரும் அப்படி எழுதுவதில்லை. பிற்படு என்பதில் பழைய புணர்ச்சி அப்படியே நிற்கிறது.

பின்தங்கிய பாடசாலை, பிந்திய பயிர் என்பவற்றில் ஒற்று மிகாது. பின்தங்கிப் போனது, பிந்திக் கிடைத்தது, சுணங்கிப் போச்சு என்பவற்றில் மிகும். பிந்தி வந்தான் என்பதில் வகரம் வருவதால் மிகாது.